சனிக்கிழமைக் கூலியும் சர்க்கார்ப் பட்டியலும்



ஊரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடமோ சிறு பாலமோ கட்டி முடிந்ததும் அதன் முகப்பில் ஒரு கல்லைப் பதிப்பது வழக்கம். அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார், எந்த ஆண்டு என்னும் விவரங்கள் எல்லாம் அக்கல்லில் இருக்கும். அந்தக் கட்டடத்தை எடுத்துக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் பெயர் மட்டும் பெரும்பாலும் இராது. வரலாற்று நூல்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். அணையைத் திட்டமிட்ட பொறியாளரைப் பற்றிப் படிக்கிறோம். ஆணையிட்ட கவர்னர் ஜெனரலைப் பற்றிப் படிக்கிறோம். மண் சுமந்த தொழிலாளரைப் பற்றியும் ஆசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்கு நடுவே நின்ற சிறு ஒப்பந்தக்காரரைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே.

நம் பேச்சு வழக்கிலோ, 'கண்டிராக்டர்' என்று சொல்லும்போதே குரலில் ஒரு சந்தேகம் ஒலிக்கிறது. மணலைக் கூட்டிச் சிமெண்டைக் குறைப்பவர், அதிகாரியின் வீட்டு வாசலில் காத்து நிற்பவர், கூலியைப் பிடித்து வைத்துக் கொள்பவர் என்றெல்லாம் ஒரு சித்திரம் நம் மனத்தில் எழுகிறது. அந்தச் சந்தேகத்திற்கு இடமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ஆனால், ஒரு தொழிலில் ஈடுபட்ட பலரும் ஒரே தவற்றை மீண்டும் மீண்டும் செய்கிறார்கள் என்றால், அவர்களுடைய குணத்தை மட்டும் குறை கூறி அமைந்துவிடலாகாது. அத்தொழிலின் அமைப்பில் எங்கே கோணல் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே வரலாறு பயில்வோர் செய்யத்தக்கது.

அந்தக் கோணலை விளங்கிக் கொள்ள, மண்வேலை நடக்கும் ஓர் இடத்துக்குச் செல்வோம். ஏரிக்கரையை உயர்த்துவதற்கோ சாலைக்கு மேடு போடுவதற்கோ பக்கத்து நிலத்தில் மண்ணை வெட்டி எடுப்பார்கள். தமிழ் நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒட்டர் என்னும் மரபினர் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் தேர்ந்தவர்கள். வெட்டிய குழிகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மண்தூண் வெட்டப்படாமல் நிற்பதைக் காணலாம். அதன் உச்சியில் பழைய புல்லும் அப்படியே இருக்கும். நிலத்தின் பழைய மட்டம் அதுதான் என்பதற்கு அத்தூணே சாட்சி. மேற்பார்வையாளர் வந்து, தூணின் உயரத்தைக் கொண்டு குழியின் ஆழத்தை அளந்து, வெட்டிய மண்ணின் கன அளவைக் கணக்கிட்டு, அளவுப் புத்தகத்தில் பதிவு செய்வார். அதன் பிறகே தூணை வெட்டலாம்.

அளவு பதிவானதும் பணம் வந்துவிடுமா? வராது. அளவைப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். பட்டியலை மேலதிகாரி சரிபார்க்க வேண்டும். நிதி ஒதுக்கீடு வந்திருக்க வேண்டும். கணக்குப் பிரிவு ஒப்ப வேண்டும். கருவூலத்தில் பணம் இருக்க வேண்டும். அப்போதும் முழுத் தொகை கைக்கு வராது. வேலையில் குறை தோன்றினால் ஈடு செய்வதற்கென ஒரு பகுதியை நிறுத்தி வைப்பார்கள். வேலை தொடங்குமுன் கட்டிய வைப்புத் தொகையும் சர்க்கார் வசமே இருக்கும். இதற்கெல்லாம் ஆகும் காலம் சில வாரங்களாகலாம், சில மாதங்களும் ஆகலாம். ஆனால் மண் வெட்டியவருக்கோ சனிக்கிழமை மாலை கூலி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அவர் அரிசி வாங்கியாக வேண்டும்.

ஒரு பக்கம் சனிக்கிழமை, மறு பக்கம் பட்டியல் பணம் வரும் நாள். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள காலத்தைத் தன் தோளில் சுமப்பவரே சிறு ஒப்பந்தக்காரர். கொத்து வேலை தெரிந்திருப்பதும் ஆள் திரட்டத் தெரிந்திருப்பதும் அவருக்கு வேண்டிய தகுதிகளே. ஆயினும் அவருடைய வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிப்பது, அந்த இடைக்காலத்திற்கு வேண்டிய பணத்தை அவர் எங்கிருந்து பெறுகிறார் என்பதே. அந்தச் சுமை தாங்க முடியாமற் போனபோது நிகழ்ந்தது என்ன என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்.

பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பயணிகள் இரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஓடியது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பாதையைக் கட்டிய இங்கிலாந்து ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் ஃபேவியல். சமவெளியில் பாதை போட்ட பிறகு, கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே கம்பெனிக்கு மேற்கு மலைத் தொடரைக் கடக்கும் வேலை எதிர்ப்பட்டது. பூனாவுக்குச் செல்லும் வழியில் உள்ள போர்காட் கணவாயில் சுமார் 15 மைல் நீளத்துக்குப் பாதை அமைக்க வேண்டும். அந்தத் தொலைவிற்குள் 1,800 அடிக்கு மேல் ஏற வேண்டும்; கருங்கல் மலையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைக்க வேண்டும். இந்த வேலையையும் ஃபேவியலே எடுத்துக் கொண்டார். 1856ஆம் ஆண்டு தொடக்கத்தில் வேலை ஆரம்பமாயிற்று.

பெரிய ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருந்தாலும், அவ்வளவு ஆட்களை ஒருவரே திரட்டவும் நடத்தவும் இயலுமா? பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர்கள். அவர்களுக்குக் கீழே ஊர் ஊராகச் சென்று ஆள் பிடித்து வந்த முக்காதம்கள், நம் வழக்கில் சொன்னால் மேஸ்திரிகள். அவர்களுக்குக் கீழே கல் உடைப்பவர், வெடி வைப்பவர், மண் சுமப்பவர். இப்படிப் படிப்படியாக வேலை கீழே இறங்கியது. பணமும் அதே படிகளின் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். மேற்படியில் பணம் தங்கிவிட்டால் அடிப்படியில் நிற்பவர் பட்டினி கிடக்க நேரும். 1859ஆம் ஆண்டு ஜனவரியில் அதுவே நடந்தது. கூலி நிலுவையில் நின்றது. மலைமேல் வேலை செய்த தொழிலாளர் பொறுமை இழந்து கலகம் செய்தனர். மேற்பார்வை செய்த ஐரோப்பியர்களைத் தாக்கினர். அடுத்த சில வாரங்களில் ஃபேவியல் ஒப்பந்தத்தையே கைவிட்டார்.

பின்னர் நடந்ததும் எளிதன்று. புதிய ஒப்பந்தக்காரராக வந்த சாலமன் டிரெட்வெல் பம்பாய்க்கு வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள் நோயுற்று இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் டிரெட்வெல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, தேர்ந்த இரு மேலாளர்களை அமர்த்தி வேலையைத் தொடர்ந்தார். 1861ஆம் ஆண்டில் ஒரு கட்டத்தில் 42,000 பேர் வரை அந்த மலையில் உழைத்தனர். வாந்திபேதி எண்ணற்ற உயிர்களைக் கொண்டு சென்றது. 1863இல் பாதை திறக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1867இல், அப்பாதையின் பாலங்களில் ஒன்று இடிந்து விழுந்தது. கற்கட்டுமானத்தின் தரக்குறைவே காரணம் என்று கண்டார்கள். ஆகவே ஒப்பந்தக்காரர்மீது நாம் கொண்ட சந்தேகம் நேற்று முளைத்ததன்று. அதே கம்பெனியின் கீழ்ப் பாதையின் பல பகுதிகளைக் கட்டிக் கொடுத்து, தலைமைப் பொறியாளரின் பாராட்டைப் பெற்ற ஜம்சேட்ஜி தோராப்ஜி என்னும் பார்சி ஒப்பந்தக்காரரும் இருந்தார் என்பதையும் சேர்த்தே நினைவு கொள்ள வேண்டும்.

போர்காட் கலகத்துக்கு அடுத்த ஆண்டில், அதாவது 1860இல், அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றியது. இரயில்வே, கால்வாய் முதலிய பொது வேலைகளில் கூலி குறித்து எழும் வழக்குகளை மாஜிஸ்டிரேட் விரைவில் தீர்க்கலாம் என்பது அதன் சாரம். அச்சட்டம் கூலி கேட்ட தொழிலாளிக்குக் கதவைத் திறந்தது போலவே, வேலையைப் பாதியில் விட்டுச் சென்ற தொழிலாளியைத் தண்டிக்கவும் இடம் கொடுத்தது. பின்னும் முக்கால் நூற்றாண்டு கழித்து, 1936இல், ஊதியம் வழங்கும் சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளருக்கும், இரயில்வேயிலும் அதன் ஒப்பந்தக்காரர்களிடத்திலும் வேலை செய்வோருக்கும் அது முதலில் பொருந்தியது. ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாயின், ஊதியக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்று அது கெடு விதித்தது.

இது மிக நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒப்பந்தக்காரர் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்குச் சட்டம் ஏழு நாள் கெடு வைத்தது. வேலை வாங்கிய நிர்வாகம் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு அந்தச் சட்டத்தில் கெடு ஒன்றும் இல்லை. கீழ்ப்படிக்குக் கடிகாரம் வைத்தார்கள், மேற்படிக்கு வைக்கவில்லை.

இந்த நிலையில் ஒப்பந்தக்காரர் என்ன செய்வார்? அவருக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, சொந்த மூலதனம். கையில் செல்வம் உள்ளவருக்குப் பட்டியல் தாமதம் ஒரு பொருட்டன்று. 1892இல் கட்டி முடிந்த சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தையும், கன்னிமாரா நூலகத்தையும் எடுத்துக் கட்டிய தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார் இத்தகைய பெரிய ஒப்பந்தக்காரர். அவர் கட்டிய செங்கல் மாளிகைகள் இன்றும் சென்னைக்கு அழகு செய்து நிற்கின்றன. ஆனால் ஒரு கல்வெட்டுப் பாலத்தையோ கிராமத்துச் சாலையையோ எடுத்துச் செய்யும் எளிய மனிதருக்கு இவ்வழி மூடியே இருந்தது.

இரண்டாம் வழி, கடன். வட்டிக்கடையில் வாங்கலாம்; செங்கல் சூளைக்காரரிடமும் மரக்கடைக்காரரிடமும் தவணை சொல்லலாம். அப்போது ஒப்பந்தத்தில் கிடைக்கும் இலாபம் வட்டிக்குப் போய்விடும். டெண்டரில் மற்றவரை முந்துவதற்காகத் தொகையைக் குறைத்துக் கேட்டிருந்தால், வட்டி கட்டிய பிறகு நட்டமே மிஞ்சும். அந்த நட்டத்தை எங்கிருந்து ஈடு செய்வது? கலவையிலிருந்துதான். சிமெண்டைத் தின்பது பேராசை என்று நினைக்கிறோம். பேராசையும் உண்டு, வட்டியும் உண்டு.

மூன்றாம் வழி, சுமையைக் கீழே தள்ளிவிடுவது. ஒப்பந்தக்காரர் மேஸ்திரிக்கு முழுப் பணம் கொடுப்பதில்லை. மேஸ்திரி கூலியை நிறுத்தி வைக்கிறார். தொழிலாளி கடைக்காரரிடம் கடன் சொல்கிறார். இவ்வாறு, நாட்டிலேயே மிகவும் ஏழையான மனிதர் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவராகிறார். அதற்கு வட்டியும் அவருக்கு இல்லை. தாம் கொடுத்தது கடன் என்பதும் அவருக்குத் தெரியாது. போர்காட்டில் நடந்தது இதுவே.

இம்மூன்றும் அல்லாத நான்காம் வழி ஒன்று உண்டா? உண்டு என்று செய்து காட்டியவர்கள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்த மலபார் மாவட்டத்துக் கூலித் தொழிலாளர்கள்.

1885இல் பாட்டியத்தில் பிறந்த வாக்படானந்தர், மலபாரில் சாதி வேற்றுமையையும் மூடப் பழக்கங்களையும் எதிர்த்துப் பேசிய பெருந் துறவி. 1917இல் அவர் ஆத்மவித்தியா சங்கத்தைத் தோற்றுவித்தார். வடகரைக்கு அருகே காரக்காடு என்னும் ஊரில் எளிய தொழிலாளர் பலர் அவருடைய கருத்துகளைப் பின்பற்றினர். பழமையைக் கைவிட்டவர்களுக்கு ஊரிலிருந்த நிலச்சுவான்தார்கள் வேலை கொடுக்க மறுத்தனர். வேலை மறுக்கப்பட்டால் பணிந்து திரும்பி வருவார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். தொழிலாளர் பணியவில்லை. பிள்ளைகளுக்குத் தாங்களே பள்ளி நடத்தினர். தங்களுக்குள் கடன் உதவும் ஏற்பாடு செய்து கொண்டனர். பின்னர், பிறரிடம் வேலை கேட்டு நிற்பதற்குப் பதிலாகத் தாங்களே ஒப்பந்தம் எடுப்பது என்று துணிந்தனர். 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டம், கடன் கொடுப்பது தவிர வேறு தொழில்களுக்கும் சங்கம் அமைக்க இடம் தந்திருந்தது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் 14 பேர் சேர்ந்து, கூலி வேலைக்காரர்களின் பரஸ்பர சகாய சங்கம் ஒன்றை ஊராளுங்கலில் பதிவு செய்தனர்.

சங்கம் அமைத்ததும் வளம் கொழிக்கவில்லை. முதல் முப்பது ஆண்டுகளும் தட்டுத் தடுமாறிய ஆண்டுகளே. சிறிய சாலை வேலைகளும் மதகு வேலைகளுமே கிடைத்தன. மற்ற ஒப்பந்தக்காரர்கள் போட்டிக்கு நின்றனர். பட்டியல் பணம் இவர்களுக்கும் தாமதமாகவே வந்தது. கூட்டுறவு என்பதால் அலுவலகம் வேகமாக நடந்துவிடவில்லை. ஆயினும் இங்கே ஒரு வேற்றுமை இருந்தது. ஒப்பந்தக்காரரும் தொழிலாளியும் ஒருவரே ஆனதால், சுமையைக் கீழே தள்ளுவதற்குக் 'கீழ்' என்று ஒன்று இல்லை. வேலையில் குறை வைத்தால் அடுத்த வேலை கிடைக்காது. அடுத்த வேலை கிடைக்காவிட்டால் பட்டினி கிடப்பவரும் தாமே. ஆகவே கலவையில் கை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இடைக்காலத்துக்கு வேண்டிய பணத்துக்கும் ஒரு வழி கண்டனர். உறுப்பினர்களும் ஊராரும் தங்கள் சேமிப்பைச் சங்கத்தில் வைப்பாகப் போட்டனர். பட்டியல் வரத் தாமதமானாலும் அந்த வைப்புப் பணத்திலிருந்து கூலி கொடுக்க முடிந்தது. ஊரார் ஏன் பணத்தை ஒப்படைத்தனர்? சங்கம் போட்ட சாலையில் அவர்கள் நாள்தோறும் நடந்தனர். அது மழைக்குத் தாங்குவதைக் கண்ணால் கண்டனர். வட்டிக்கடைக்காரர் செய்த வேலையை இங்கே நம்பிக்கை செய்தது. தொழிலாளரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட இயக்குநர்கள் வேலைத்தளத்தில் நின்று மேற்பார்வை செய்தனர். பாலேரி கணாரன் மாஸ்டர் என்பவர் நீண்ட காலம் தலைவராக இருந்து சங்கத்தை வளர்த்தார். இன்று அந்தச் சங்கம் நெடுஞ்சாலைகளையும் மேம்பாலங்களையும் கட்டுகிறது. பல்லாயிரம் பேருக்கு வேலை தருகிறது. 2025இல் நூறாண்டு நிறைவு செய்தது.

நாட்டின் வேறு பல இடங்களிலும் தொழிலாளர் கூட்டுறவு ஒப்பந்தச் சங்கங்கள் தோன்றின. சுதந்திரத்திற்குப் பிறகு அரசாங்கங்கள் இவற்றுக்குச் சலுகைகளும் அளித்தன. ஆனால் பல இடங்களில் சலுகையின் வாசனையறிந்து வந்த ஒப்பந்தக்காரர்களே தொழிலாளர் பெயரில் சங்கம் பதிந்து கொண்டனர். பெயர்ப் பலகை கூட்டுறவாகவும் பெட்டி தனி மனிதருடையதாகவும் இருந்தன. ஊராளுங்கலின் வெற்றி சட்டத்தால் மட்டும் வந்ததன்று; வேலை மறுக்கப்பட்ட 14 பேரின் மானத்தால் வந்தது. மானத்தைப் பதிவு அலுவலகத்தில் பெற முடியாதல்லவா?

இந்த இடர்ப்பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதோ என்று கேட்கலாம். அன்று. அந்நிய ஆட்சியிலிருந்து விடுபட்டுத் தம் காலில் நிற்க முயன்ற நாடுகள் பலவற்றிலும் இதையே காண்கிறோம். மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1986இல் அந்நாட்டுக் கிராமச் சாலைத் துறை, உலக வங்கியின் நிதியையும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் வழிகாட்டலையும் கொண்டு ஒரு திட்டம் தொடங்கியது. பெரும் எந்திரங்களைத் தவிர்த்து, கிராம மக்களின் கையுழைப்பைக் கொண்டு சாலை போடும் சிறு ஒப்பந்தக்காரர்களை உருவாக்குவது அதன் நோக்கம். உள்நாட்டுக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். டிராக்டர், இழுவை வண்டி, சிறு உருளை முதலிய கருவிகளைக் கடனாகக் கொடுத்தனர். செய்த வேலையின் பட்டியலிலிருந்து கடனைத் தவணையாகப் பிடித்துக் கொள்வது ஏற்பாடு.

அவர்கள் போட்ட சாலைகள் நன்றாகவே அமைந்தன. கையுழைப்பால் தரமான சாலை போட முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அரசாங்கத்திடமிருந்து பட்டியல் பணம் காலத்தில் வரவில்லை. பட்டியல் வராததால் கருவிக் கடனைக் கட்ட முடியவில்லை; கூலியும் நின்றது. பயிற்சியையும் கருவியையும் கொடுத்த கை, பணத்தைக் கொடுக்கத் தாமதித்தது. போர்காட்டுக்கும் கானாவின் செம்மண் சாலைக்கும் இடையே கடலும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலும் இருக்கின்றன. கோணல் ஒன்றே.

நண்பர்களே, வளரும் நாடுகளில் பெரும்பாலான பள்ளிகளையும் சிறு பாலங்களையும் குடிநீர்த் தொட்டிகளையும் கட்டுபவர்கள் சிறு ஒப்பந்தக்காரர்களே. அவர்களைத் திருத்த வேண்டும் என்று பேசுவோர் பலர். தரக் கட்டுப்பாடும் தணிக்கையும் வேண்டியவையே. அவை இல்லாமல் பொதுப்பணம் பாழாகும். ஆனால் அவற்றோடு மேற்படிக்கும் ஒரு கடிகாரம் வைக்க வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு கற்பிக்கும் பாடம். காலத்தில் பணம் வராது என்று தெரிந்தால், நேர்மையானவர் தொழிலை விட்டு விலகுவார். தாமதத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கேற்பக் கலவையைக் குறைக்கத் தெரிந்தவரே எஞ்சி நிற்பார். இவ்வாறு நேர்மையானவரை வெளியேற்றிவிட்டு, எஞ்சியவரைப் பார்த்து 'இவர்கள் எல்லோரும் இப்படித்தான்' என்று சொல்வது நியாயமாகுமா?

உங்களில் சிலர் நாளை பொறியாளராவீர்கள். சிலர் கணக்கு அதிகாரிகளாவீர்கள். அளந்த வேலைக்கு உரிய பட்டியல் ஒன்று ஒரு நாள் உங்கள் மேசைமீது வந்து கையெழுத்துக்குக் காத்திருக்கும். அதைச் சரிபாருங்கள், குறை இருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். குறை இல்லையென்றால் அன்றே கையெழுத்திடுங்கள். எங்கோ ஒரு குழியின் நடுவே ஒரு மண்தூண் நிற்கிறது. தன் கடமையை முடித்துவிட்ட சாட்சி அது. அதைச் சுற்றி வெட்டிய மண்ணுக்குரிய கூலிக்காக ஒரு குடும்பம் சனிக்கிழமையை எதிர்நோக்கி இருக்கிறது.